தெரிவுப் பெட்டிகளில் வந்த அணியை வாசிக்கத்தக்க வரியாக வெளியிடுவது எப்படி?

வாசிகசாலைத் தொண்டன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம்.

வலிகாமத்தில் உள்ள எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்காகச் சிறிய இணையத்தளம் ஒன்றைப் பி.எச்.பி. மொழியில் எழுதி வருகிறேன். வழங்கியில் (தளம் இயங்கும் கணினியில்) இருப்பது அந்த மொழியின் 8.2 பதிப்பு. அங்கத்துவப் படிவத்தில், "எந்தெந்தப் பணிகளில் பங்குபற்ற விரும்புகிறீர்கள்?" என்ற கேள்வியின் கீழ் நூலகப் பணி, முன்பள்ளி, கரப்பந்தாட்டம், சிரமதானம், இரத்ததானம் என்று தெரிவுப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே பெயரைக் கொடுத்து, அந்தப் பெயரின் இறுதியில் சதுர அடைப்புக்குறிகளைச் சேர்த்திருப்பதால், அங்கத்தவர் தெரிவுசெய்தவை எல்லாம் ஓர் அணியாக (பல பெறுமானங்களின் வரிசையாக) வழங்கிக்கு வந்து சேருகின்றன. இதுவரை சிக்கல் இல்லை.

அந்த அணியை ஒருவர் வாசிக்கக்கூடிய வரியாக மாற்றும் இடத்தில்தான் தடைப்பட்டு நிற்கிறேன். அணியை நேரடியாக எக்கோ என்ற வெளியீட்டுக் கட்டளை மூலம் வெளியிட்டால் பக்கத்தில் "அரே" என்ற ஒற்றைச் சொல் மட்டும் வருகிறது. பிரின்ற்_ஆர் பயன்படுத்தினால் உள்ளடக்கம் தெரிகிறது. ஆனால் சுட்டிகளும் (உறுப்புகளின் இட எண்களும்) அம்புக்குறிகளும் அடைப்புக்குறிகளும் கலந்து எல்லாம் ஒரே வரியில் கிடக்கின்றன. அதை நிலையத்தின் செயலாளருக்குக் காட்ட முடியாது.

ஆகவே போர்ஈச் என்ற சுழற்சிக் கட்டளை மூலம் அணியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றின் பின்னும் " மற்றும் " என்பதைச் சேர்த்து, இறுதியில் மிஞ்சும் " மற்றும் " என்பதை, வலது ஓரத்தைக் களையும் ஆர்றிம் என்ற சார்பினால் (மொழியோடு வரும் ஆயத்தக் கட்டளையினால்) நீக்கினேன். இதில் எனக்கு விளங்காத ஒன்று நடக்கிறது. சிலருடைய வரி "சிரமதானம் மற்றும் நூலகப் பணி" என்று சரியாக வருகிறது. வேறு சிலருடைய வரி "நூலகப் பணி மற்றும் இரத்ததான" என்று கடைசி எழுத்தை இழந்து வருகிறது. கரப்பந்தாட்டம் கடைசியாக வந்தால் அது "கரப்பந்தாட்ட" ஆகிவிடுகிறது. முன்பள்ளி கடைசியாக வந்தால் எந்தக் குறையும் இல்லை. தரவுத்தளத்தில் பெயர்கள் முழுமையாகவே இருக்கின்றன என்பதைப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

இந்த எழுத்து ஏன் மறைகிறது என்பதையும், இணையப் பக்கம், செயலாளருக்குப் போகும் மின்னஞ்சல், அறிவித்தல் பலகையில் ஒட்டும் அச்சுப்பிரதி ஆகிய மூன்றுக்கும் பொருந்தும் வகையில் அணியை எவ்வாறு வரியாக்குவது என்பதையும் அறியத் தந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

வடமராட்சி நிரலர் (பதில்)

வணக்கம் தம்பி. உங்கள் கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் உதாரணங்களே காரணத்தைக் காட்டிவிடுகின்றன. அதனால் எழுத்து மறையும் சிக்கலை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆர்றிம் சார்புக்கு இரண்டாவதாகக் கொடுக்கும் சரத்தை (எழுத்துத் தொடரை) அது ஒரு சொல்லாகக் கருதுவதில்லை. "இந்தத் தொகுதியில் உள்ள எந்த பைற்று வலது ஓரத்தில் நின்றாலும் அதை நீக்கு" என்றே எடுத்துக்கொள்கிறது. இங்கே பைற்று (கணினி நினைவகத்தின் சிறு அலகு) என்பதுதான் முக்கியம். எழுத்துக்களைக் கணினியில் சேமிக்கும் யூ.ரி.எப்.-8 குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டு அலகும் மூன்று பைற்றுகளாகச் சேமிக்கப்படுகிறது. "ம்" என்று நாம் ஓர் எழுத்தாகக் காண்பது, "ம" என்ற அலகும் புள்ளி என்ற அலகும் சேர்ந்து ஆறு பைற்றுகள். "மற்றும்" என்ற சொல்லில் "ம" உண்டு, புள்ளியும் உண்டு. ஆகவே "இரத்ததானம் மற்றும் " என்ற சரத்தின் வலது ஓரத்திலிருந்து ஆர்றிம் நீக்கிக்கொண்டு வரும்போது, " மற்றும் " முழுவதும் போன பின்னரும் அது நிற்காது. இரத்ததானத்தின் "ம்" என்பதன் ஆறு பைற்றுகளும் அதே தொகுதியில் இருப்பதால் அவையும் போகின்றன. அடுத்து வரும் "ன" என்பதன் கடைசி பைற்று அந்தத் தொகுதியில் இல்லை. அங்கேதான் அது நிற்கிறது. மிஞ்சுவது "இரத்ததான". முன்பள்ளியும் நூலகப் பணியும் இகரக் குறியில் முடிகின்றன. அந்தக் குறியின் கடைசி பைற்று "மற்றும்" என்ற சொல்லில் எங்கும் இல்லாததால் அவை தப்பிவிடுகின்றன.

இன்னும் மோசமான நிலையும் வரலாம். ஓர் எழுத்தின் மூன்று பைற்றுகளில் கடைசி ஒன்றோ இரண்டோ மட்டும் நீக்கப்பட்டால், சரம் குறைப்பட்ட யூ.ரி.எப்.-8 ஆகிவிடும், உலாவியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரியும், அந்தச் சரத்தை, தரவை உலாவிக்கு அனுப்பும் வடிவமாக்கும் ஜேசன்_என்கோட் சார்புக்குக் கொடுத்தால் அது பொய் என்ற பெறுமானத்தைத் திருப்பித் தரும். எனவே தமிழ் எழுத்துக்களை ஆர்றிம், இடது ஓரத்தைக் களையும் எல்றிம், இரு ஓரங்களையும் களையும் றிம் ஆகியவற்றின் இரண்டாவது உள்ளீடாக ஒருபோதும் கொடுக்க வேண்டாம். வெற்றிடம், காற்புள்ளி போன்ற ஒற்றை பைற்றுக் குறிகளுக்கு மட்டுமே அவை பாதுகாப்பானவை.

நீக்கவேண்டிய தேவையே எழாமல் செய்வதுதான் சரியான வழி. அதற்காகவே இம்ப்ளோட் என்ற சார்பு இருக்கிறது. (சார்புப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், நிரலில் அவற்றை அவற்றின் ஆங்கில எழுத்துக்களிலேயே தட்டச்சிட வேண்டும்.)

$வரி = இம்ப்ளோட்(", ", $பணிகள்);

முதலில் இடையில் வரவேண்டிய சரம், பிறகு அணி. உறுப்புகளுக்கு இடையில் மட்டுமே அது காற்புள்ளியை வைக்கும். முன்னும் வைக்காது, பின்னும் வைக்காது. ஓர் உறுப்பு மட்டும் இருந்தால் அந்த உறுப்பையே தரும். வெற்று அணி என்றால் வெற்றுச் சரத்தைத் தரும். பழைய பாடக்குறிப்புகளில் அணியை முதலிலும் இடைச்சரத்தைப் பின்னாலும் எழுதியிருப்பதைக் காண்பீர்கள். அந்த வரிசை 2019இல் வந்த 7.4 பதிப்பில் கைவிடத்தக்கது என்று அறிவிக்கப்பட்டு, 2020இல் வந்த 8.0 பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டுவிட்டது. உங்கள் 8.2 பதிப்பில் அப்படி எழுதினால் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

"அரே" என்ற சொல் வருவதற்கான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சரம் தேவைப்படும் இடத்தில் அணியைக் கொடுத்தால் பி.எச்.பி. அதை மாற்ற முயலாது. அந்த ஒரு சொல்லை மட்டும் இட்டுவிட்டு, அணி சரமாக மாற்றப்படுகிறது என்ற எச்சரிக்கையை எழுப்பும். 8.0 பதிப்புக்கு முன்னர் அது வெறும் அறிவிப்பாக இருந்தது; இப்போது எச்சரிக்கை. உங்கள் வழங்கியில் பிழைச்செய்திகள் திரையில் காட்டப்படாதவாறு அமைக்கப்பட்டிருப்பதால் சொல் மட்டும் தெரிகிறது. வீட்டுக் கணினியில் எழுதிப் பார்க்கும்போது பிழைச்செய்திகளைக் காட்டும்படி வைத்துக்கொண்டால் இவை உடனே கண்ணில் படும். அணிக்குள் இன்னோர் அணி இருந்தாலும் இம்ப்ளோட் அந்த இடத்தில் இதே சொல்லைத்தான் வைக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். தரவுத்தளத்திலிருந்து வரும் நிரைகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அங்கே முதலில் அரே_கொலம் சார்பினால் தேவையான நிரலை (அட்டவணையின் நெடும்பத்தியை) மட்டும் பிரித்தெடுத்து, பிறகு இம்ப்ளோட் செய்ய வேண்டும்.

பிரின்ற்_ஆர், வார்_டம்ப் ஆகியவை செய்நிரல் எழுதுபவர் பார்ப்பதற்கானவை. அவற்றின் வெளியீட்டில் வரிமுறிப்புகளும் உள்தள்ளல்களும் உண்டு, இணையப் பக்கங்களின் மொழியான எச்.ரி.எம்.எல். அடுத்தடுத்து வரும் வெற்றிடங்களை ஒன்றாகச் சுருக்கிவிடுவதால்தான் உங்களுக்கு எல்லாம் ஒரே வரியில் தெரிந்தது. அதைப் பிரீ குறிச்சொல்லுக்குள் இட்டால் அமைப்புக் குலையாமல் தெரியும். ஆயினும் அங்கத்தவர் காணும் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

ஒரு பெட்டியையும் தெரிவுசெய்யாமல் படிவத்தை அனுப்பினால், உலாவி அந்தப் பெயரையே அனுப்பாது. வெற்று அணிகூட வராது. அப்போது இல்லாத ஒன்றை இம்ப்ளோட் சார்புக்குக் கொடுத்தால் நிரல் முறியும். ஆகவே இரட்டைக் கேள்விக்குறி இயங்கியைப் பயன்படுத்தி, பெயர் வராவிட்டால் வெற்று அணி என்று முதலிலேயே நிர்ணயித்துவிடுங்கள். அதோடு வந்தது அணிதானா என்பதையும் இஸ்_அரே மூலம் பார்த்துக்கொள்வது நல்லது. சதுர அடைப்புக்குறிகளை நீக்கிவிட்டு வெறும் சரமாக அனுப்பிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

தென்மராட்சி மாணவன் (பதில்)

நிரலர் அண்ணா வழங்கிப் பக்கத்தை விரிவாகச் சொல்லிவிட்டார். அங்கத்தவர் பெட்டிகளைத் தெரிவுசெய்யும்போதே, படிவத்தின் கீழ் "நீங்கள் தெரிவுசெய்தவை" என்று உடனுக்குடன் காட்ட விரும்பினால் அதை, உலாவியிலேயே இயங்கும் ஜாவாஸ்கிரிப்ற் மொழியில் செய்யலாம். அங்கே அணியைச் சரத்தோடு கூட்டினால் "அரே" என்று வராது; உறுப்புகள் காற்புள்ளியால் இணைந்து வரும். ஆனால் காற்புள்ளியின் பின் வெற்றிடம் இருக்காது. வாசிக்க இடறுவது மட்டுமன்றி, வெற்றிடம் இல்லாத நீண்ட வரியை உலாவி மடிக்க இடம் கிடைக்காமல் கைப்பேசித் திரைக்கு வெளியே தள்ளிவிடும். எனவே ஜொயின் முறையை, காற்புள்ளியும் வெற்றிடமும் சேர்ந்த இடைச்சரத்தோடு பயன்படுத்துங்கள். உறுப்புகள் பொருள்களாக (பெயரிட்ட பல பெறுமானங்களின் தொகுப்புகளாக) இருந்தால் அடைப்புக்குறிக்குள் "ஒப்ஜெக்ற் ஒப்ஜெக்ற்" என்று வரும். அப்போது மப் முறையால் பெயரை மட்டும் எடுத்துப் பிறகு இணைக்க வேண்டும்.

இன்ரல்.லிஸ்ற்பார்மற் என்ற வசதியும் ஜாவாஸ்கிரிப்ற்றிலேயே இருக்கிறது. மொழியாகத் தமிழைக் கொடுத்தால், "நூலகப் பணி, முன்பள்ளி மற்றும் இரத்ததானம்" என்று கடைசி இரண்டுக்கும் இடையில் மட்டும் "மற்றும்" வைத்துத் தருகிறது. 2021 ஏப்ரலில் சபாரி 14.1 வந்ததிலிருந்து பெரிய உலாவிகள் அனைத்திலும் இது இயங்குகிறது.

கணினி ஆசிரியை (பதில்)

வணக்கம். மேலே இருவரும் எழுதியவை சரியானவை. நான் வெளியீட்டின் வசனத்தைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும் எழுதுகிறேன்; உயர்தர மாணவர்களின் செயற்றிட்டங்களை மதிப்பிடும்போது இந்த இரண்டு இடங்களிலும்தான் நான் மிகுதியாகச் சிவப்பு மை செலவிட வேண்டியிருக்கிறது.

இம்ப்ளோட் தருவது ஒரு பட்டியல். செயலாளருக்குப் போகும் மின்னஞ்சலில் நிற்கவேண்டியது ஒரு வசனம். "பணிகள்: நூலகப் பணி, இரத்ததானம்" என்று தலைப்பிட்டுக் காட்டினால் பட்டியலே போதும், அறிவித்தல் பலகைக்கு அதுவே சிறந்தது. ஆனால் "இவர் … பணிகளில் பங்குபற்ற விரும்புகிறார்" என்று வசனமாக்கும்போது தமிழின் இயல்பான இணைப்பு "உம்" விகுதிதான்: "நூலகப் பணியிலும் இரத்ததானத்திலும்". இதை நிரலால் ஒட்டுவது எளிதன்று. "இரத்ததானம்" என்பதன் பின் "இலும்" என்று சேர்த்தால் "இரத்ததானத்திலும்" ஆகாது. மகரம் கெட்டு அத்துச் சாரியை வரவேண்டும். "பணி" என்பதற்கு யகர உடம்படுமெய் வரவேண்டும். "செலவு" போன்ற சொல்லில் இறுதி உகரம் கெடும். இந்த விதிகளையெல்லாம் சிறிய இணையத்தளம் ஒன்றுக்காக எழுதுவது வீண்சுமை.

அதற்குப் பதிலாக "ஆகிய" என்பதைப் பயன்படுத்துங்கள். பெயர்களை எழுவாய் வடிவத்திலேயே காற்புள்ளியால் இணைத்து, வேற்றுமை உருபை அதன் பின் வரும் பொதுப்பெயரில் ஏற்றிவிடலாம்: "நூலகப் பணி, முன்பள்ளி, இரத்ததானம் ஆகிய பணிகளில் பங்குபற்ற விரும்புகிறார்." பெயர்கள் எவையாயினும் எந்த எழுத்திலும் மாற்றம் தேவையில்லை. "மற்றும்" போட்ட வரியைவிட இது வாசிக்கவும் இயல்பாக இருக்கும். கவனிக்கவேண்டியது எண்ணிக்கை ஒன்றுதான். கவுன்ற் சார்பினால் எண்ணிப் பார்த்து, ஒரு பணி மட்டும் இருந்தால் "இரத்ததானம் என்ற பணியில்" என்றும், ஒன்றும் இல்லாவிட்டால் "பணி எதனையும் தெரிவுசெய்யவில்லை" என்றும் வசனத்தை மாற்ற வேண்டும். ஒரே ஒரு பெயரின் பின் "ஆகிய பணிகளில்" என்று வந்தால், இயந்திரம் எழுதிய வசனம் என்பது உடனே தெரிந்துவிடும். வசனத்தை ஆக்கும் இந்தச் சிறு சார்பைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டால், பக்கத்துக்கும் மின்னஞ்சலுக்கும் அதையே அழைக்கலாம்.

உங்கள் பணிகள் மாறாத ஒரு சிறு பட்டியலாகவே இருப்பதால் இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு பணிக்கும் இரண்டு வடிவங்களை நீங்களே எழுதி ஓர் அணியில் வைக்கலாம்: "இரத்ததானம்" என்ற சாவிக்கு "இரத்ததானத்திலும்" என்ற பெறுமானம். வசனம் வேண்டும்போது இரண்டாவது வடிவங்களை வெற்றிடத்தால் இணைத்தால் போதும். அப்போது காற்புள்ளியும் தேவையில்லை. ஓரிரு பணிகள் மட்டும் தெரிவாகியிருக்கும் வசனங்களுக்கு இதுவே அழகு என்பது என் எண்ணம்.

அடுத்தது பாதுகாப்பு. பெட்டிகளின் பெறுமானங்களை நீங்கள்தான் எழுதினீர்கள் என்றாலும், வழங்கிக்கு வருபவை அவைதாம் என்று நம்பக்கூடாது. ஒவ்வோர் உறுப்பையும் உங்களிடம் உள்ள பணிப்பட்டியலோடு ஒப்பிட்டு, பட்டியலில் இல்லாததை ஏற்காமல் விடுங்கள். அங்கத்தவர் தட்டச்சிட்ட பெயர், முகவரி போன்றவற்றைப் பக்கத்தில் காட்டும்போது, குறிச்சொற்களை வெறும் எழுத்தாக மாற்றும் எச்.ரி.எம்.எல்.ஸ்பெஷல்சார்ஸ் சார்பைப் பயன்படுத்த வேண்டும். இங்கே வரிசை முக்கியமானது. முதலில் அரே_மப் மூலம் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே அந்தச் சார்புக்கு உட்படுத்தி, அதன் பின்னரே குறிச்சொற்களைக் கொண்டு இம்ப்ளோட் செய்ய வேண்டும். மாறிச் செய்தால், வரியை முறிக்கும் பி.ஆர். குறிச்சொல்லே எழுத்தாகத் திரையில் தெரியும். அதற்கு அஞ்சி இந்தச் சார்பையே விட்டுவிட்டால், யாரோ எழுதி அனுப்பும் ஸ்கிரிப்ற் மற்றவர்களின் உலாவியில் இயங்கும். வெறும் எழுத்து மின்னஞ்சலுக்கு இது தேவையில்லை; அங்கே பயன்படுத்தினால் மேற்கோள் குறிகள் எல்லாம் குறியீடுகளாக மாறிப் போய்ச் சேரும். ஆகவே அணியை மாற்றாமல் வைத்திருந்து, எந்த இடத்துக்கு அனுப்புகிறோமோ அந்த இடத்துக்கு ஏற்ப அப்போது மட்டும் சரமாக்குங்கள்.

இதே காரணத்துக்காக, இணைத்த வரியைத் தரவுத்தளத்தில் சேமிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அங்கத்தவர் எண், பணி எண் என்ற இரண்டு நிரல்களைக் கொண்ட தனி அட்டவணை வைத்தால், "இரத்ததானத்துக்கு முன்வந்தவர்கள் யாவர்?" என்ற கேள்விக்கு உடனே விடை கிடைக்கும். அவசரமாக இரத்தம் தேவைப்படும் நேரத்தில் காற்புள்ளிகளுக்கு இடையே தேடிக்கொண்டிருக்க முடியாது.

வாசிகசாலைத் தொண்டன்

மூவருக்கும் மிக்க நன்றி. இம்ப்ளோட் மூலம் எழுத்து மறையும் சிக்கல் தீர்ந்தது. ஆசிரியை அவர்கள் சொன்னபடி வசனத்துக்குத் தனிச் சார்பு எழுதி, மூன்று நிலைகளையும் பார்த்துவிட்டேன். "ஆகிய" சேர்த்த வசனம் மின்னஞ்சலில் நன்றாக இருக்கிறது.

இதன் தொடர்ச்சியாக இரண்டு கேள்விகள். வாசிகசாலைக்கு ஒவ்வொரு மாதமும் அன்பளிப்பாகக் கிடைத்த நூல்களின் எண்ணிக்கை ஓர் அணியில் இருக்கிறது. பதியாத மாதங்கள் வெற்றாக இருப்பதால் அரே_பில்ற்றர் மூலம் வெற்றானவற்றை நீக்கி, பிறகு இணைக்கிறேன். நூல் எதுவும் கிடைக்காத மாதத்தின் 0 என்ற எண்ணும் சேர்ந்து காணாமற் போகிறது. மற்றையது, அதே மின்னஞ்சலில் ஊர்ப் பெயர்களையும் அங்கத்தவர் எண்ணிக்கையையும் இரண்டு நிரல்களாக நேராக அமைக்க, வெற்றிடம் சேர்த்து அகலத்தை நிரப்பும் ஸ்றிங்_பாட் பயன்படுத்தினேன்; எண்கள் ஒவ்வொரு வரியிலும் வெவ்வேறு இடத்தில் நிற்கின்றன. அந்த ஊர்களை அகரவரிசையில் கொண்டுவரும் முறையையும் சொல்லித் தந்தால் நல்லது.

வடமராட்சி நிரலர்

முதலாவது கேள்விக்கு: அரே_பில்ற்றர் சார்புக்கு நிபந்தனை எதனையும் கொடுக்காவிட்டால், பொய்யெனக் கொள்ளத்தக்க எல்லாவற்றையும் அது நீக்கும். வெற்றுச் சரம், நல் (பெறுமானம் இல்லை என்ற குறி), பொய் ஆகியவற்றோடு 0 என்ற எண்ணும், "0" என்ற சரமும் அதில் அடங்கும். நான்கு, பூச்சியம், ஏழு என்று இருந்த மூன்று மாதங்கள் "4, 7" என்று வந்துவிடும். வாசிப்பவர் இரண்டாம் மாதத்தில் ஏழு நூல்கள் கிடைத்ததாக எண்ணுவார். கணக்குக் காட்டும் இடத்தில் இது பெரிய தவறு. நல் அல்லாததும் வெற்றுச் சரம் அல்லாததும் மட்டும் தங்கவேண்டும் என்ற நிபந்தனையை நீங்களே சிறு சார்பாக எழுதிக் கொடுங்கள். ஒப்பிடும்போது மூன்று சமக்குறிகள் உள்ள கண்டிப்பான ஒப்பீட்டைப் பயன்படுத்துங்கள்.

உண்மையில் இந்த இடத்தில் நீக்குவதே பொருத்தமன்று என்று நினைக்கிறேன். மாதத்தின் பெயரைச் சாவியாகவும் எண்ணிக்கையைப் பெறுமானமாகவும் வையுங்கள். இம்ப்ளோட் சாவிகளைக் கவனிக்காமல் பெறுமானங்களை மட்டும் இணைக்கும் என்பதால், அரே_மப் சார்புக்கு அரே_கீஸ் தரும் சாவிகளையும் மூல அணியையும் சேர்த்துக் கொடுத்து, "தை: 4", "மாசி: 0", "பங்குனி: பதியவில்லை" என்று ஒவ்வொரு வரியையும் முழுமையாக ஆக்கி, பிறகு வரிமுறிப்பால் இணையுங்கள். வரிமுறிப்புக் குறியை இரட்டை மேற்கோளுக்குள் எழுத வேண்டும். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் பின்சாய்கோடும் எழுத்தும் அப்படியே மின்னஞ்சலில் தெரியும்.

அரே_பில்ற்றர் சாவிகளை அப்படியே விட்டுவிடும் என்பதையும் அறிந்திருங்கள். நீக்கியபின் 0, 2 என்று இடைவெளியுள்ள சுட்டிகளோடு அணியை ஜேசன்_என்கோட் செய்தால், உலாவிக்கு அது பட்டியலாகப் போகாமல் பொருளாகப் போகும். ஜாவாஸ்கிரிப்ற்றின் ஜொயின் அங்கே இயங்காது. அரே_வல்யூஸ் மூலம் சுட்டிகளைச் சீராக்கிவிட்டு அனுப்ப வேண்டும். அதே சார்பு தமிழ் எழுத்துக்களைப் பின்சாய்கோடும் பதினறும எண்களுமாக மாற்றி அனுப்புவது வழக்கம். உலாவி அதைச் சரியாகவே வாசித்துக்கொள்ளும்; ஆனால் பதிவுக்கோப்பில் நீங்கள் கண்ணால் வாசிக்க வேண்டும் என்றால் ஜேசன்_அன்எஸ்கேப்ட்_யூனிகோட் என்ற தெரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 5.4 பதிப்பிலிருந்தே அது இருக்கிறது.

தரவுத்தளத்திலேயே குறூப்_கொன்கற் மூலம் இணைத்தெடுக்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் அதன் இயல்பான எல்லை 1024 பைற்றுகள். தமிழில் அது ஏறத்தாழ 340 குறியீட்டு அலகுகளே. அதற்கு மேற்பட்டது வெட்டப்பட்டுவிடும். ஊர்ப் பெயர்கள் நாற்பது, ஐம்பது சேர்ந்தாலே அந்த எல்லை வந்துவிடும்.

கணினி ஆசிரியை

இரண்டு நிரல்களை நேராக அமைப்பது பற்றிய கேள்விக்கு நான் விடை தருகிறேன். "யாழ்ப்பாணம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு அது யா, ழ், ப், பா, ண, ம் என்று ஆறு எழுத்து. உலக எழுத்துக்களின் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோட்டில் 11 குறியீட்டு அலகுகள். யூ.ரி.எப்.-8இல் 33 பைற்றுகள். ஸ்றிங்_பாட் எண்ணுவது பைற்றுகளை. அகலம் 30 என்று கொடுத்திருந்தால், இந்தச் சொல்லுக்கு அது ஒரு வெற்றிடமும் சேர்க்காது. 8.3 பதிப்பில் வந்த எம்.பி._ஸ்றிங்_பாட் குறியீட்டு அலகுகளை எண்ணும். அதுவும் ஆறுக்குப் பதிலாக 11 என்றே கொள்ளும். எழுத்துக்களை நாம் எண்ணுவதுபோல் எண்ண வேண்டுமென்றால் கிராபீம்_ஸ்றிங்லென் என்ற சார்பு ஆறு என்று சரியாகத் தரும்.

ஆனால் எழுத்தைச் சரியாக எண்ணினாலும் நிரல்கள் நேராகா. "ண" எடுக்கும் அகலமும் "ர" எடுக்கும் அகலமும் எழுத்துருவில் வேறு. மின்னஞ்சலை வாசிக்கும் கைப்பேசியில் எந்த எழுத்துரு இருக்கிறது என்பதும் உங்கள் கையில் இல்லை. வெற்றிடங்களால் தமிழ் நிரல்களை நேராக்கும் முயற்சியையே கைவிட்டுவிடுங்கள். எச்.ரி.எம்.எல். மின்னஞ்சல் என்றால் அட்டவணை போடுங்கள். வெறும் எழுத்து என்றால் எண்ணை முன்னால் வைத்து "14 – மானிப்பாய்" என்று எழுதுங்கள். எண்கள் இடது ஓரத்தில் நிற்பதால் கண் அவற்றைத் தேடி அலையாது.

அகரவரிசைக்கு வெறும் சோர்ற் சார்பு உதவாது. யூனிகோட் அட்டவணையில் "ன" என்பது "ந" என்பதற்கு அடுத்தும், "ற" என்பது "ர" என்பதற்கு அடுத்தும் வைக்கப்பட்டிருக்கின்றன. நம் நெடுங்கணக்கில் அவை இரண்டும் இறுதியில் வருபவை. ஆகவே அந்தச் சார்பு மாதகல், மானிப்பாய், மாவிட்டபுரம் என்று அடுக்கும். தமிழ் வரிசை மாதகல், மாவிட்டபுரம், மானிப்பாய். வழங்கியில் இன்ற்ல் என்ற நீட்சி (மொழியோடு சேர்க்கும் மேலதிகக் கூறு) இயங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் கொலேற்றர் என்ற வகுப்பைத் தமிழுக்கென உருவாக்கி அதன் சோர்ற் முறையை அழைக்கலாம். ஊர்ப் பெயர் பெறுமானமாகவும் எண்ணிக்கை சாவியாகவும் இல்லாமல், ஊரே சாவியாக இருந்தால், சாவிகளை அரே_கீஸ் மூலம் எடுத்து வரிசைப்படுத்திவிட்டு, அந்த வரிசையில் எண்ணிக்கைகளை வாசித்துக்கொள்ளுங்கள். கிராபீம்_ஸ்றிங்லென் சார்பும் இதே நீட்சியைச் சேர்ந்ததுதான்.

தென்மராட்சி மாணவன்

செயலாளர் இந்தப் பட்டியலை எக்செலில் திறக்க விரும்பினால், இம்ப்ளோட் மூலம் காற்புள்ளியிட்டுக் கோப்பு எழுத வேண்டாம். "கோவில் வீதி, கொடிகாமம்" என்ற முகவரியில் உள்ள காற்புள்ளி அதை இரண்டு நிரல்களாகப் பிரித்துவிடும். எப்புட்சி.எஸ்.வி. சார்புக்கு ஒவ்வொரு நிரையையும் அணியாகவே கொடுத்தால், தேவையான இடத்தில் அது மேற்கோள் குறிகளை இட்டுக்கொள்ளும். கோப்பின் தொடக்கத்தில் யூ.ரி.எப்.-8 என்பதைக் காட்டும் மூன்று பைற்றுகள் கொண்ட முன்குறியை எழுதிவிட்டு நிரைகளை எழுதுங்கள். அது இல்லாவிட்டால் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது எக்செல் தமிழைச் சிதைத்துக் காட்டும்.